சொம்புத் தண்ணீரும் தூங்குமூஞ்சி மரமும்

பாக்கியம் அக்கா என் காலில் விழுந்தார்.

அப்போதுதான் பலபலவென்று விடிந்திருந்தது. ஏரித் தோட்டத்துப் புல் முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் முழங்காலைப் போட்டு, என் பாதத்தில் நெற்றியை வைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. என் குழம்பில் உப்புக் கூடினால் முகத்துக்கு நேராகவே "வாயில வைக்க முடியல" என்று சொல்லும் மனுஷி. அவர் என் காலில் விழுந்தால் நான் என்ன ஆவேன்? கையிலிருந்த பித்தளைச் சொம்பு நழுவிப் புல்லில் உருண்டது.

"அக்கா, எந்திரிங்க! என்ன இது அநியாயம்?"

அவர் பதறிப்போய்த் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "ஐயோ, உன்னைப் பேச வச்சிட்டேனே! விரதம் கெட்டுப்போச்சா?"

"என்ன விரதம்?"

அவருக்குப் பின்னால் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் குவாட்டர்ஸ் பெண்கள் ஆறேழு பேர், தலை சொட்டச் சொட்ட, ஆளுக்கொரு சொம்போடு, வாயை இறுக மூடிக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

மரமா அது? நான்கு நாள்களுக்கு முன்பு நான் விட்டுப்போனபோது வெறும் மரம். இப்போது அடிமரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் பூசி, மேலே குங்குமம். தாழ்ந்த கிளைகளில் எல்லாம் துணித் தொட்டில்கள். வேரடியில் எண்ணெய் விளக்கு, எலுமிச்சம்பழம், பூ. நான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகப் போட்டுவைத்த கூழாங்கற்களுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள்.

பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே வந்தார். "எந்தச் சாமின்னு மட்டும் சொல்லும்மா கனகு. பேரு தெரியாம எப்படிக் கூப்பிடுறது?"

நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன், பெயர் சொல்ல?

டாக்டர் போட்ட உத்தரவு

கொஞ்சம் பின்னால் போகிறேன். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய காலம். முதல் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல். ரவிக்கையெல்லாம் தோளில் மாட்டிய கோணிப்பை மாதிரி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எழுதாத மருந்து ஒன்றைச் சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் காலமை ஒரு மணித்தியாலம் ஏரித் தோட்டத்தில நடவுங்கோ. அங்க மரம் இருக்கு, நல்ல காத்து இருக்கு. இந்த வீட்டுக்குள்ள கரிப்புகையைக் குடிச்சுக்கொண்டு இருக்க வேண்டாம். நடக்கேக்க ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது, மூச்சு வீணாய்ப் போகும். களைச்சால் இருந்து கொதிச்சாறின தண்ணி குடியுங்கோ. ஒன்றரை மாதம் விடாமச் செய்யுங்கோ."

நான் அரண்டுபோனேன். ஊசி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், கஷாயம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கலாம். நடப்பதா? எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றா சொல்வது? அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் கோவிலுக்குப் போவார்கள், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார்கள், சாவு வீட்டுக்குப் போவார்கள். சும்மா போகிறவளுக்கு வைக்கிற பெயர் வேறு.

பிறகு டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். "மருந்துச் சீட்டு எழுத நேரமாயிடுச்சு" என்றார். சீட்டு எதுவும் கையில் இல்லை. அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில்வே சாமான் கிடங்கில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிற குமாஸ்தா. சாமி என்றாலும் சடங்கு என்றாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். தைப்பூசத்தன்று குவாட்டர்ஸே காலியாகிக் கிடக்கும். இவர் மட்டும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிப்பார். குழந்தை போனபோது பரிகாரம் சொல்ல வந்தவரை வாசலோடு அனுப்பிவைத்தார். அவர் நெற்றியில் திருநீற்றைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

எனக்கே எனக்கு ஒரு மணி நேரம்

முதல் வாரம் வெட்கத்திலேயே போயிற்று. வெறுங்கையோடு போனால்தானே கேள்வி வரும் என்று ஒரு மூடிபோட்ட பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டேன். பார்ப்பவர்கள் பால் வாங்கப் போகிறாள் என்று நினைக்கட்டும். உள்ளே டாக்டர் சொன்ன கொதித்து ஆறிய தண்ணீர்.

குளிக்காமல் விடியற்காலையில் படி இறங்க எனக்கு மனசு வராது. அதனால் தலை எப்போதும் ஈரம். டாக்டர் கண்டிருந்தால் தலையில் குட்டியிருப்பார். மரச்செருப்பு ஈரப் புல்லில் வழுக்குகிறது என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஏரியை முழுசாகச் சுற்ற எனக்கு மூச்சுப் போதவில்லை. ஏரிக்கு மேலே ஒரு மேடு இருந்தது. மேட்டின் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அதைச் சுற்றி வட்டமாகச் செம்மண் பாதை. அது எனக்குத் தோதான அளவு. ஆரம்பத்தில் மூன்று சுற்று. எண்ணிக்கை தப்பாமல் இருக்கச் சுற்றுக்கு ஒரு கல்லை வேரடியில் போடுவேன். முடிந்ததும் வேரில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். மீதியைச் சுமந்துகொண்டு போவானேன் என்று மரத்தடியிலேயே ஊற்றிவிடுவேன்.

இப்போது படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டாவது வாரத்திலிருந்து அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் உயிரோடு இருந்தேன். இரவெல்லாம் கூம்பிக் கிடந்த இலைகள் வெயில் படப்பட ஒவ்வொன்றாக விரியும். கீழே புல்வெட்டுகிறவர் நீளக் கத்தியை வீசுகிற 'சர்க் சர்க்' சத்தம் வரும். வெட்டிய புல்லின் வாசனை மூக்கில் ஏறினால் பசிக்கும். மாதக்கணக்கில் பசி என்பதையே மறந்திருந்தவள் நான்! வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, நாலாவதற்கு வெட்கப்படுவேன். குழந்தை போனபிறகு அடக்கி வைத்திருந்த அழுகையையும் அந்த மரத்தடியில்தான் அழுது தீர்த்தேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அழுவது தனி சுகம்.

மூன்று சுற்று ஐந்தாயிற்று, ஒன்பதாயிற்று. இருமல் குறைந்தது. கன்னத்தில் சதை வைத்தது. நானே தனியாக, யார் துணையும் இல்லாமல் போய் வருகிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம் வேறு.

ஒருநாள் வழியில் பாக்கியம் அக்கா எதிரே வந்து, "எங்கம்மா இப்படித் தினமும்?" என்று கேட்டார். பேசக் கூடாதே! உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மேட்டுப் பக்கம் கையை நீட்டிவிட்டு நடந்தேன். மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

டோபியிடம் மன்னிப்பு

சலவைக்கார டோபியோடு நான் போட்ட சண்டையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். என் பச்சைச் சுங்குடிச் சேலையின் முந்தானை ஓரத்தில் ஒரு முழம் காணாமல் போயிருந்தது. நீதான் கிழித்தாய் என்று தெருவே கூடும்படி கத்தினேன். "அவ்வளவு கோபக்காரியா அம்மா நீங்கள்?" என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம், கோபக்காரிதான். அந்தச் சண்டையில் தப்பு என் பக்கம் என்பதை இந்த வாரம் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாள்களில் எனக்கு வீட்டுக்காரர்மேலும் கோபம். கிடங்கில் வேலை அதிகம் என்று நான் கிளம்பிய சற்று நேரத்தில் அவரும் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்தால் வெள்ளைக் கால்சட்டையின் ஓரமெல்லாம் ஒட்டுப்புல் விதை. "ரோட்டுல நடந்தா என்ன? தண்டவாளத்து ஓரமாத்தான் போகணுமா?" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். விரல் நுனியெல்லாம் குத்தும். அவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

தீபாவளிக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்து வந்தார். கல்யாணத்துக்குக்கூட அப்படியொரு பட்டு நான் கட்டியதில்லை. கிராணி வீட்டுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று அதற்கும் சண்டை. அவர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தீபாவளி முடிந்த கையோடு மாதாந்தர வயிற்றுவலி. மூன்று நாள் நடக்கப் போகவில்லை. 'பார்த்தாயா, தீட்டு நாளில் சாமியிடம் போகாமல் சுத்தபத்தமாக இருக்கிறாள்' என்று குவாட்டர்ஸ் முடிவு கட்டிவிட்டது. நாலாம் நாள் தலை முழுகிவிட்டுப் போனேன். பாக்கியம் அக்கா காலில் விழுந்தது அன்றைக்குத்தான்.

மண்டோர் வந்தார்

அக்கா என் கையை விடுவதற்குள் தோட்டத்து மண்டோர் வேகமாக மேடேறி வந்தார். கூலியாள்களை மேய்க்கிற மேஸ்திரி. நம் ஆள்தான்.

"அம்மா, நீங்கதான் அந்தச் சாமியம்மாவா?"

"வாய அலம்புய்யா! நான் கிராணி பொண்டாட்டி."

"யாரா இருந்தாலும் சரி. தோட்டத்து வெள்ளக்காரத் தொரை நேத்துப் பாத்துட்டாரு. வெளக்கு சுட்டு மரப்பட்டை கருகியிருக்கு. மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்தாகணும். இல்லாட்டி மாத்தாவக் கூப்பிட்டு, இனிமே காலையில நம்ம ஆளுங்க ஒருத்தரையும் கேட்டுக்குள்ள விடமாட்டாராம்."

மாத்தா என்றால் போலீஸ்காரர். எனக்குப் போலீஸ் பயம் இல்லை. கேட்டை மூடிவிட்டால் என் நடை போயிற்று. மறுபடியும் கரிப்புகை, இருமல், கோணிப்பை ரவிக்கை. அந்த மேடு இல்லாமல் நான் பிழைக்கமாட்டேன் என்று உடம்புக்கே தெரிந்திருந்தது.

பெண்களைப் பார்த்துக் கத்தினேன். "இங்க சாமியும் இல்ல, பூதமும் இல்ல! டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தேன். பேசாதேன்னாரு, பேசல. எண்ணிக்கைக்குக் கல்லு போட்டேன். குடிச்ச மீதித் தண்ணிய ஊத்தினேன். அவ்வளவுதான்!"

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துத் தலையாட்டினாள். "வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போல."

"எச்சில் தண்ணிடீ அது!"

"சாமிக்கு எச்சில் ஏது?" என்றாள் அவள், என்னைவிடச் சாந்தமாக.

பாக்கியம் அக்கா மட்டும் சாந்தமாக இல்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை. "அப்ப நான் கட்டினது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது.

ஒருத்தியும் தொட்டிலில் கை வைக்கத் துணியவில்லை. சாமிக்குற்றம் என்ற பயம். "குத்தம் வந்தா எனக்கே வரட்டும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே அவிழ்க்க ஆரம்பித்தேன்.

பச்சைச் சுங்குடி

சின்னச் சின்னத் தொட்டில்கள். பழைய ரவிக்கைத் துணி, வேட்டிக் கரை, ஒன்று ரயில்வே கொடித் துணி. ஒவ்வொன்றையும் அவிழ்த்து அந்தந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க எனக்கே பாவம் செய்கிற மாதிரி இருந்தது. மண்டோர் விளக்கை அணைத்துவிட்டு மஞ்சளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

மரத்தின் பின்புறம், பாதையில் நடப்பவர் கண்ணில் படாத இடம். கிளையில் ஒட்டி வளர்ந்திருந்த பெரணிச் செடிக்குள் கையை விட்டேன். அது தொட்டில் இல்லை, வெறும் முடிச்சு. வெயிலிலும் மழையிலும் நனைந்து காய்ந்து வெளிறிப்போயிருந்தது. மற்றவை எல்லாம் மூன்று நாள் பழசு. இது வாரக் கணக்கில் பழசு.

பச்சைத் துணி. வெள்ளைப் புள்ளி. சுங்குடி.

என் சேலை. டோபி கிழித்ததாக நான் தெருவைக் கூட்டிய அதே ஒரு முழம்.

"இது யாரு கட்டினது?"

பாக்கியம் அக்கா என்னை அதிசயமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரருதான். நீ எங்க போறேன்னு பாக்க ஒருநாள் பின்னாடி வந்தேன். நீ எறங்கிப் போனதும் அவரு வந்தாரு. கைய உசத்திக் கட்டிட்டு, அப்படியே மரத்துல நெத்திய வச்சிக்கிட்டு நின்னாரு. அவரே கட்டுறாருன்னா சாமி எவ்வளவு பெரிசா இருக்கணும்? அதையும், உன் ஒடம்பு தேறினதையும் பாத்துத்தானே நாங்கெல்லாம் வந்தோம்!"

துணியை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது.

அவர் சொன்னது

சாயங்காலம் அவர் வந்து கால் அலம்பியதும் துணியை அவர் முன்னால் போட்டேன்.

நின்றபடியே பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாருல்ல. நெஞ்சு ரெண்டு பக்கமும் கெட்டுப்போச்சுன்னாரு. தீபாவளி வரைக்கும் தாங்கினாலே பெரிசுன்னாரு."

தீபாவளி போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

நான் முறுக்குச் சுட்ட தீபாவளி. அடுத்த வீட்டில் இன்னொரு அதிரசம் போடுங்கள் என்று கேட்டு வாங்கித் தின்ற தீபாவளி. அந்தப் பட்டுச் சேலை நினைவுக்கு வந்தது. தாலியோடு போகிறவளைப் பட்டு உடுத்தித்தான் எங்கள் பக்கம் அனுப்பிவைப்பார்கள். அதற்காக எடுத்ததா? கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதில்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"சாமி இல்லன்னு ஊரெல்லாம் பேசுற ஆளு, எதுக்கு இதக் கட்டுனீங்க?"

"இல்லன்னுதான் இப்பவும் சொல்றேன். ஒருவேளை இருந்துட்டா, நான் கேக்காமப் போனதாலதான் நீ போயிட்டேன்னு ஆயிடக் கூடாதில்ல?"

"எல்லாம் தெரிஞ்சும், சாகப்போறவளத் தனியாவா அனுப்பி வச்சீங்க? வழியில விழுந்திருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் முழுக்கத் தண்ணீர்.

"தனியா எங்க அனுப்பினேன்? ஏரிக்கு அந்தாண்ட மூங்கில் புதரோரமா நிப்பேன். நீ உக்காந்தா நானும் உக்காருவேன். நீ எந்திரிச்சாத்தான் எனக்கு மூச்சு வரும். பாத்தா உனக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான் கிட்ட வரல. ஒருநாளும் நீ தனியா நடக்கல, கனகு."

மறுநாள் காலையில் அவரும் என்னோடு படி இறங்கினார். புருஷனும் பெண்டாட்டியும் காரணமே இல்லாமல் சேர்ந்து நடந்துபோவதைப் பார்க்க இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. சொம்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பழக்கதோஷம், அவர் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார். நின்றேன். பக்கத்தில் வரும்வரை நின்றேன். மேட்டுப் பாதையில் டாக்டர் உத்தரவை மீறி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நடந்தேன்.

பாக்கியம் அக்காவும் சில நாள் கழித்து வந்து சேர்ந்துகொண்டார். அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பட்டுச் சேலை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. உடுத்தி அனுப்ப வேண்டியவர் முந்திக்கொண்டு போய்விட்டார்.

சேர்ந்து நடந்த அந்த முதல் நாள் சாயங்காலம், வழக்கம்போல அவருடைய வெள்ளைக் கால்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுப்புல் விதை ஒன்றுகூட இல்லை.